மூன்றாம் ஞாயிற்று நாற்காலி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். டிசம்பர் குளிரில் இப்படித் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால் என் குரல் உங்களிடம் வந்து சேருவதற்குள் ஆறிப்போகும். காபி வேண்டுமென்றால் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் எழுந்தால் நான் விட்ட இடத்தை மறந்துவிடுவேன். எங்கள் லிங்கராஜபுரத்தில் ஒரு பெண், நாலு வார்த்தை நன்றி சொல்வதற்குள் என்ன பாடுபட்டாள் என்பதைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அவளே இப்போது சிரிக்கிறாள்.

முதலில் எங்கள் சபையின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் எங்களுக்கு அட்வெந்து, வரப்போகிறவருக்காகக் காத்திருக்கிற காலம். வாரத்துக்கு ஒன்றாக நாலு மெழுகுவத்தி ஏற்றுவோம். இது ஊரில் பல சபைகளிலும் உண்டு. எங்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. மெழுகுவத்திக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவோம்.

வெகு காலத்துக்கு முன்பு எங்களுக்கு இருந்த ஒரு ஆயர் ஆரம்பித்து வைத்தது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஆண்டவர் யார் கையில் கொடுத்தனுப்பினாரோ அந்தக் கையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத்தான் உங்களுக்கு வாய் வருவதில்லை" என்று திட்டுவார். அதனால் ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகையன்று சீட்டுக் குலுக்கி நாலு குடும்பங்களைத் தேர்ந்தெடுப்போம். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு குடும்பம். அந்தக் குடும்பம், அந்த வருஷம் தங்களுக்கு நன்மை செய்த ஒருவரைக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். எந்த மதமானாலும் சரி, எந்தத் தொழிலானாலும் சரி. சபைக்கு முன் நின்று, பெற்ற நன்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, மறைக்கவும் கூடாது. பிறகு வந்தவர் அந்த வாரத்து மெழுகுவத்தியை ஏற்றுவார்.

நல்ல வழக்கம்தான். ஆனால் நாமும் மனிதர்கள்தானே! போகப் போக அந்த நாற்காலியில் பெரிய ஆட்களாகவே உட்கார ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சீட்டுக் கொடுத்த தலைமையாசிரியர், பேங்க் மேனேஜர், ஒரு வருஷம் போலீஸ் இன்ஸ்பெக்டர்கூட வந்தார். யார் வீட்டுக்குப் பெரிய விருந்தாளி வந்தார் என்பது கிறிஸ்மஸ் வரைக்கும் பேச்சாக இருக்கும்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மூன்றாம் ஞாயிறு மரகதத்துக்கு விழுந்தது.

மரகதத்தை உங்களுக்குத் தெரியாது. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். பெயரைச் சொன்னால் நம்பரைச் சொல்லும் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு பேரிடம் பேசுகிற குரல், கண்டிப்பும் இனிமையும் சரிபாதி கலந்த குரல். சபையில் வேதபாடம் வாசிக்க அவள் எழுந்தால் மைக்கை நகர்த்தி வைத்துவிடுவார்கள், தேவைப்படாது. எதற்கும் தயங்க மாட்டாள். அவள் கணவர் தியோடர் பேக்டரியில் பிட்டராக இருந்தவர், பாடகர் குழுவில் கட்டைக் குரல். பேச்சில் அவர் அவளுக்கு நேர் எதிர். அவள் பத்து வார்த்தை சொன்னால் அவர் ஒன்று சொல்வார்.

அந்த ஜூலை மாதம் தியோடர் விழுந்தார்.

காலை பத்து மணி. மரகதம் வேலைக்குப் போய்விட்டாள். பால் பாக்கெட்டோடு வந்தவர் தன் வீட்டு கேட்டைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது, வலது கை தூக்க வரவில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க ஆட்டோ ஸ்ட்ரைக். தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை, கேட்டுக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்த ரத்தினம்மாளையும், பக்கத்து மளிகைக்கடை சந்திரனையும் தவிர.

ரத்தினம்மாளுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போன பிறகு அந்த வண்டிதான் அவளுக்கு எல்லாம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? இஸ்திரிப் பெட்டியிலிருந்த நெருப்புக் கரியை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். வண்டி மேலிருந்த துணி அத்தனையையும், மடித்தது மடிக்காதது எல்லாவற்றையும், ஒரே வாரில் தரையில் தள்ளினாள். சந்திரனும் ஓடிவந்து கை கொடுக்க, தியோடரைத் தூக்கி வண்டி மேல் படுக்க வைத்து, ஒரு கிலோமீட்டர் தூரத்து நர்ஸிங் ஹோமுக்கு இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு பேருக்கும் நாலு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. முன்னால் இழுத்தவள் ரத்தினம்மாள், பின்னால் தள்ளியவர் சந்திரன். வழி நெடுகப் படுத்திருந்த நோயாளி மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"தேடர் சாரு, பின்னாடி வர்ற ஆளை மெதுவாத் தள்ளச் சொல்லுங்க, பள்ளம் வருது!"

"சார், முன்னால போற அம்மாவை லெப்ட்ல ஒடிக்கச் சொல்லுங்க, அந்தப் பக்கம் ரோடு தோண்டியிருக்கான்!"

பாவம், வாய் கோணிப் படுத்திருக்கிற மனுஷன் யாருக்கு என்ன சொல்வார்? ஆனால் நினைவு இருந்தது, எல்லாம் காதில் விழுந்தது. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். தியோடர் பிழைத்தார். வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சுத்தான் ஒவ்வொரு வார்த்தையாக, கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி வந்தது.

அவர்களுக்கு ஏன் பேச்சு இல்லை என்று கேட்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முன்னால், வார்டு ஆபீஸிலிருந்து லாரி வந்து ரத்தினம்மாளின் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனது. நடைபாதையை அடைக்கிறது, கரிப்புகை வீட்டுக்குள் வருகிறது என்று யாரோ மனு எழுதிப் போட்டிருந்தார்கள். பத்தொன்பது நாள் அவள் அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுந்துதான் வண்டியை மீட்டாள். மனு எழுதியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே முடிவுகட்டினாள். வண்டி மறைப்பதால் கடைப் பலகை தெரியவில்லை என்று சந்திரன் முன்பு ஒரு தடவை முணுமுணுத்திருந்தார். போதாதா? அன்றிலிருந்து தினமும் காலையில் கரி மூட்டும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"பலகை நல்லா தெரியுதாப்பா? இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதி மாட்டிக்க, டெல்லி வரைக்கும் தெரியட்டும்!"

"நான் எழுதலம்மா, சாமி சத்தியமா நான் எழுதல" என்று சந்திரன் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைக்கப் பழகிக்கொண்டார். உப்பு வாங்கக்கூட ரத்தினம்மாள் அந்தக் கடைக்குப் போவதில்லை, இரண்டு தெரு தாண்டி நடப்பாள்.

மனுவை எழுதியது மரகதம்.

ஈஸ்டருக்கென்று துவைத்துப் போட்ட வெள்ளைத் திரைச்சீலையில் சாம்பல் விழுந்த கோபம். ஒரு மத்தியானம் உட்கார்ந்து அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு மறந்தும்போனாள். லாரி வந்தபோது துணுக்கென்றது, உண்மைதான். சந்திரன் மேல் பழி விழுந்தபோது இன்னும் துணுக்கென்றது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைகள் ஓடிப்போயின. ஜூலையில் நர்ஸிங் ஹோமில் கணவரின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதில் மட்டும் அதைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நன்றி சொல்லாமல் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல சின்னாளப்பட்டுப் புடவை ஒன்று வாங்கிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். பையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள் ரத்தினம்மாள். "புடவை இன்னாத்துக்கு? அந்தம்மாவுக்கு வாய் இருக்குதில்ல? நாலு அடி நடந்து வந்தா என்னா கால் தேஞ்சா பூடும்?" என்று சொல்லி அனுப்பினாள். மரகதம் அந்த நாலு அடியை நடக்கவில்லை. அந்த வண்டி முன்னால் நின்று நன்றி சொன்னால், அடுத்த வார்த்தையாக மனுவைச் சொல்லியாக வேண்டுமே! காலையில் வேலைக்குப் போகும்போது பின் சந்து வழியாகப் பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாம் ஞாயிறு அவளுக்கு விழுந்தது.

சபைச் செயலாளர் சின்னப்பா பட்டியலோடு வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர், யாரைக் கூப்பிடறீங்க? பெயரைக் கொடுத்தா அச்சுக்குக் கொடுத்திடுவேன்."

"டாக்டரைத்தான். அவர்தானே பிழைக்க வச்சார்" என்றாள் மரகதம், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

"ஆஹா! எம்.டி., டி.எம். எல்லாம் போட்டுடலாமா? பட்டமெல்லாம் சேர்த்துப் போட்டா நல்லாயிருக்கும்." சின்னப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தியோடர் இடது கையால் கைத்தடியைத் தரையில் தட்டினார். "வண்டி" என்றார்.

"வண்டி வேணுமா பிரதர்? டாக்டரைக் கூட்டிவர நான் காருக்குச் சொல்றேன்" என்றார் சின்னப்பா.

"வண்டி... அம்மா."

சின்னப்பாவுக்குப் புரியவில்லை. மரகதத்துக்குப் புரிந்தது. அவர் போகும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைச் சாத்தியதும் திரும்பினாள்.

"என்னங்க நீங்க? அந்தம்மாவைக் கூப்பிட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உள்ளபடி சொல்லணும். வண்டியில வச்சுத் தள்ளிட்டுப் போனாங்கன்னு சொல்லணும். அந்த வண்டியையே தூக்க வச்சது நான்னு சொல்லணும். முந்நூறு பேரு முன்னால!"

"ஆமா."

"ஆமாவா? வேணும்னா அந்தம்மாகிட்ட தனியாச் சொல்லிடறேன். வீட்டுக்குள்ள கூப்பிட்டு, காபி கொடுத்து..."

தியோடர் தலையை ஆட்டினார். வார்த்தை வரக் காத்திருந்தார். அவருக்கு வேர்த்தது. "சந்திரன்... தெருவுல... திட்டு வாங்கினான். நீ... வீட்டுக்குள்ள... சொன்னா... பத்தாது."

அதுதான் ஜூலைக்குப் பிறகு அவர் பேசின மிக நீளமான பேச்சு. சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். பிறகு இன்னொன்றும் சொன்னார். "எனக்கு... வாய் இருந்தா... நானே சொல்லுவேன்."

மரகதம் அன்றைக்குச் சமைக்கவில்லை. இரண்டு பேரும் பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டார்கள். மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து, அவருக்குப் பதில் ரத்தினம்மாளைக் கூப்பிடப்போவதாகச் சொன்னாள். அவர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை மேடம். ஞாயித்துக்கிழமை தூங்கறதுக்கு வழி பண்ணீங்களே! அந்த வண்டிக்கார அம்மாவை நானும் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றார். அவர் கோபித்துக்கொண்டால் அதையே சாக்காக வைத்துத் தப்பலாம் என்று நினைத்திருந்த மரகதத்துக்கு ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை மத்தியானம், பின் சந்தை விட்டு, முன் கேட்டைத் திறந்துகொண்டு அந்த நாலு அடியை நடந்தாள்.

வண்டி மேல் துணி மலையாகக் குவிந்திருந்தது. ரத்தினம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, வழி தப்பி வந்துட்டியா? பஸ் ஸ்டாப்பு அந்தாண்ட இருக்குது."

"உங்களைக் கூப்பிட வந்தேன் ரத்தினம்மா. நாளைக்கு எங்க சபைக்கு வரணும். எங்க வீட்டு விருந்தாளியா." நாற்காலியை, மெழுகுவத்தியை, வழக்கத்தை எல்லாம் விளக்கினாள்.

ரத்தினம்மாள் தண்ணீரைத் தெளித்து ஒரு சட்டையை நீவினாள். "நாளைக்கா? இத பாரு. இது உங்க செயலாளர் சட்டை. இது பாடறவங்க அங்கி, பன்னெண்டு இருக்குது. அது உங்க ஆயரோட வெள்ளை. உங்க கோயில்ல பாதி பேரு மானம் என் கையில கீது. நான் வந்து ஜம்முனு குந்திக்கினா, அல்லாரும் கசங்கின சட்டையோடதான் சாமி கும்பிடணும்."

மரகதத்துக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னைக்கே முடிச்சிடுங்க. நான் வேணும்னா மடிச்சுத் தரேன்."

"நீயா? போன் பேசற கை, நீ மடிச்சா அப்புறம் நான் திரும்பவும் மடிக்கணும்." ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தாள். மரகதம் நின்று அங்கிகளை மடித்தாள்.

பிறகு ரத்தினம்மாள் சொன்னாள்: "சரி, வர்றேன். சாரு மொகத்துக்காக வர்றேன். ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் உள்ளபடி சொல்லணும்னு சொன்னே இல்ல? அப்ப மனு விஷயத்தையும் சொல்லு. இந்த வண்டியைத் தூக்கணும்னு ஒருத்தன் எழுதிப் போட்டான், அந்த வண்டிதான் உன் வூட்டுக்காரரைத் தூக்கினு போச்சுன்னு சொல்லு. பேரோட சொல்லு. அவன் கடையில வாங்கறவங்க அல்லாரும் கேக்கட்டும்."

மரகதத்தின் கையில் பாதி மடித்த அங்கி அப்படியே நின்றது. இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் இரண்டு பேர் சட்டை கேட்டு வந்துவிட்டார்கள். "சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள். அது வாக்கு. எந்தப் பெயரைச் சொல்லப்போகிறோம் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த வாக்கு.

ஞாயிறு வந்தது. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், அதனால் ஒன்றும் விடாமல் சொல்ல முடியும். ரத்தினம்மாள் குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்து, பச்சைப் புடவையில் விறைப்பாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவை மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும், அத்தனை கச்சிதமான இஸ்திரி. டாக்டரை எதிர்பார்த்திருந்த சின்னப்பா வாசலையே எட்டி எட்டிப் பார்த்தார். முன் வரிசையில் கொஞ்சம் குசுகுசுவென்றார்கள். "இஸ்திரிக்காரம்மாடி" என்று ஒருத்தி சொன்னாள். அவள் கட்டியிருந்த புடவையை முந்தின நாள் தேய்த்தவளே ரத்தினம்மாள்தான்.

முதல் இரண்டு மெழுகுவத்தியும் எரிந்துகொண்டிருந்தன. ஆயர் நோயல் மரகதத்தைக் கூப்பிட்டார். கைத்தடியோடு தியோடரும் கூடவே எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

மரகதம் பேசினாள். டெலிபோனில் நம்பர் சொல்வாளே, அந்தக் குரலில், ஒவ்வொன்றாக, தெளிவாக.

"ஜூலை மாசம் பதினோராம் தேதி என் வீட்டுக்காரர் விழுந்தார். ரத்தினம்மா தன்னோட நெருப்பை அணைச்சு, தன்னோட வேலையைத் தரையில தள்ளி, தன்னோட வண்டியில அவரை ஏத்தித் தள்ளிக்கிட்டுப் போனாங்க. பின்னாலருந்து தள்ளினவர் கடைக்காரர் சந்திரன். அவரைப் பத்தி இதுவரைக்கும் யாரும் சொல்லல. இந்த ரெண்டு பேராலதான் இவர் இங்க நிக்கிறார். நான் விதவை இல்லை. காலையில எந்திரிச்சா ரெண்டு டம்ளர் காபி போடறேன். இதெல்லாம் இவங்க கொடுத்தது."

ரத்தினம்மாள் சந்திரன் பெயரைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள். ஆனால் தலையாட்டினாள். இன்னும் வரட்டும் என்கிற மாதிரி.

"மார்ச் மாசம் அந்த வண்டியை எடுக்கச் சொல்லி ஒரு மனு போச்சு. பத்தொன்பது நாள் ரத்தினம்மாவுக்கு அடுப்பு எரியல. ஒன்பது மாசமா அந்தப் பழி சந்திரன் மேல கிடக்குது. அந்த மனுவை எழுதினது சந்திரன் இல்லை. நான். ஒரு திரைச்சீலையில விழுந்த சாம்பலுக்காக எழுதினேன். அவங்க திட்டறதையும் அவர் திட்டு வாங்கறதையும் ஜன்னல் பின்னால நின்னு கேட்டுக்கிட்டே வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது கேட்டது.

ரத்தினம்மாள் எழுந்தாள். மரகதத்தைப் பார்க்கவில்லை. நடு வழியில் நேராக நடந்தாள், செருப்பைத் தேடி மாட்டினாள், போயேவிட்டாள்.

நாற்காலி காலியாக இருந்தது. மூன்றாவது மெழுகுவத்தி திரி கருகாமல் வெள்ளையாக நின்றது.

சின்னப்பா குனிந்து ஓடிவந்தார். "ஆயரே, பாட்டு நூத்திப் பன்னிரண்டை ஆரம்பிச்சிடலாமா? மெழுகுவத்தியை நானே கொளுத்திடறேன், ஒண்ணும் தெரியாது" என்று கிசுகிசுத்தார். கிசுகிசு கடைசி வரிசை வரை கேட்டது.

ஆயர் வயதில் சின்னவர், போன வருஷம்தான் வந்தவர். அவர் சின்னப்பாவைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். "இந்த நாலு வாரமும் காத்திருக்கிறோம், காத்திருக்கிறோம்னு பாடறோம். இன்னைக்கு ஒரு பத்து நிமிஷம் உண்மையாவே காத்திருப்போமே" என்றார். அவ்வளவுதான். போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

மரகதம் நின்ற இடத்திலேயே நின்றாள். அழவில்லை. முதுகு வளையவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன், கண்ணுகளா. தோற்றவள் முகமில்லை அது. ரொம்ப நாளாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த ஆளின் முகம். யார் வந்தாலும் வராவிட்டாலும் அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. தியோடர் தன் வலது கையை, அந்தத் தூக்க வராத கையை, தூக்கி அவள் தோளில் வைத்தார்.

குழந்தைகள் நெளிந்தன. யாரோ இருமினார்கள். பத்து நிமிஷத்துக்குப் பக்கம் ஆகியிருக்கும்.

வாசலில் சத்தம் கேட்டது.

"அட, விடும்மா! தராசுல பருப்பை அப்படியே வச்சுட்டு வந்திருக்கேன், கடையில ஆளில்ல!"

"பருப்பு எங்கியும் ஓடிப் பூடாது. வாங்க நீங்க."

ரத்தினம்மாள் சந்திரனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். லுங்கி, அரைக்கை பனியன், ஒரு கையில் இன்னும் பருப்பு அள்ளுகிற தகரக் கரண்டி. அஞ்சு மாசம் முன்னால் வண்டியை இழுத்த அதே வேகத்தில் நடு வழியில் அவரை இழுத்து வந்து மெழுகுவத்திக்கு முன் நிறுத்தினாள். சந்திரன் முந்நூறு ஜோடிக் கண்ணைப் பார்த்துவிட்டுக் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இப்ப சொல்லு" என்றாள் மரகதத்திடம். "இன்னொரு வாட்டி சொல்லு. இவரு காதுல வுழணும்."

மரகதம் மறுபடியும் சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்காமல். கடைசியில் கை கூப்பி, "என்னை மன்னிச்சிடுங்க சந்திரன்" என்றாள்.

"அய்யோ, பரவால்லம்மா, விடுங்கம்மா" என்று சந்திரன் தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு கொஞ்சம் குரல் ஏறியது. "நான் எத்தினி தரம் சொன்னேன்? சாமி சத்தியமா நான் எழுதலன்னு எத்தினி தரம்!"

"சொன்னீங்க" என்றாள் ரத்தினம்மாள். "நான்தான் நம்பல. ஒன்பது மாசம் உங்களை நாறடிச்சேன். அண்ணாத்தே, தப்பு என் மேலயும் கீது. இத்தினி பேரு முன்னால சொல்றேன், மன்னிச்சுக்கோங்க. நாளைலேர்ந்து உங்க கடையிலதான் உப்பு."

"உப்பு மட்டுமாம்மா?" என்றார் சந்திரன். கோயிலே சிரித்துவிட்டது. ஆயர்கூடப் படியில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ரத்தினம்மாள் மரகதத்தின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உன்னை மன்னிச்சேனா இல்லியான்னு என்னைக் கேக்காதே. அது எனக்கே இன்னும் தெரியல. பத்தொன்பது நாள் எம்மா வெயிலு தெரியுமா அந்த ஆபீஸ் வாசல்ல? அதெல்லாம் ஒரு நாள்ல பூடுமா? ஆனா எழுதினது நீன்னு நீயே சொன்னே. யாரும் கேக்காமச் சொன்னே. வெளக்கு கொளுத்தத்தானே கூப்பிட்டே, கொளுத்திட்டுப் போறேன்."

தீப்பெட்டியை வாங்கினாள். பிறகு என்ன தோன்றியதோ, தியோடரைப் பார்த்து, "சாரு, நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்றாள்.

தியோடர் வாயைத் திறந்தார். அவர் அவசரப்படவில்லை.

"ரெண்டு பேருக்கும்..." என்றார். நிறுத்தினார். "நன்றி."

பாடகர் குழுவில் கேட்போமே, அந்தக் கட்டைக் குரல். ஜூலைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது முழுசாக வந்தது.

ரத்தினம்மாள் குச்சியைக் கிழித்தாள். சந்திரனின் கையையும் இழுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள். மெழுகுவத்தி பிடித்துக்கொண்டது. நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் சின்னப்பாவே ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்து போட்டார். சந்திரன் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆராதனை முடியும் வரைக்கும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். கடைப் பருப்பை யாரும் தொடவில்லையாம்.

அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். உள்ளபடியே சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் மரகதம் வண்டிக்குத் துணி கொண்டுபோனாள். தியோடரின் சட்டையை ரத்தினம்மாள் எடுத்துக்கொண்டாள். மரகதத்தின் புடவையைத் திருப்பி நீட்டினாள். "இது இப்ப வாணாம். எனக்கு மனசு வர்றப்ப நானே கேட்டு வாங்கிக்கிறேன்." மரகதம் சரி என்று வாங்கிக்கொண்டாள். அந்தக் கிறிஸ்மஸ் ஆராதனைக்குத் தியோடர் கத்தி மாதிரிச் சட்டையில் வந்தார். பக்கத்தில் மரகதம் கசங்கின பட்டுப் புடவையில் வந்தாள், தலையை நிமிர்த்தி. யாராவது உற்றுப் பார்த்தால், "எனக்கு இன்னும் இஸ்திரி வரல, காத்துக்கிட்டு இருக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். போகவர முன் கேட்டுத்தான். தினமும் "வர்றேன் ரத்தினம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சில நாள் பதில் வரும், சில நாள் வராது.

அவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. கால் மரத்துப்போயிருக்கும், நீட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வீடு போய்ச் சேரும்போது உங்கள் வாசலில் விளக்கு எரியட்டும். உங்கள் வீட்டில் விழுந்தவர்களைத் தூக்க ஆள் ஓடி வரட்டும், பிறர் விழுந்தால் ஓடுவதற்கு உங்கள் கால்களுக்குப் பலம் இருக்கட்டும். காலையில் உங்கள் அடுப்பில் ஒரு டம்ளருக்கு இரண்டாகக் காபி கொதிக்கட்டும். சொல்ல வேண்டிய வார்த்தை உங்கள் வீட்டில் ஒருவர் தொண்டையிலும் தங்காமல் வெளியே வரட்டும். பிள்ளைகளும் பெரியவர்களுமாக நிறைந்து, இந்த வருகையின் நாட்களிலும் வருகிற வருஷம் முழுவதும், நீங்கள் எல்லாரும் நல்லா இருங்கள்.